ஆரும் வந்து இருப்பினமோ?

போன மாசி மாதம் கொழும்பிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வடக்கே வன்னியில் இருக்கிற எங்கள் சபைக்கு வந்தார்கள். பழைய, பெரிய பாப்டிஸ்ட் சபை ஒன்றைச் சேர்ந்தவர்கள். இரவு இரண்டு மணிக்கே வெளிக்கிட்டு ஏ9 வீதியால் ஓடி, ஆராதனை தொடங்குமுன் எங்கள் வளவுக்குள் வந்து நின்றார்கள். நல்ல மனுசர். எங்களோடு பாயில் இருந்து பாடினார்கள். திருவிருந்தில் பங்கெடுத்தார்கள். மத்தியானம் சோறும் பூசணிக்காய்க் கறியும் கருவாட்டுப் பொரியலும் சாப்பிட்டார்கள். போகுமுன் வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்து, "இங்கே உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டார்கள்.

எங்கள் போதகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மேற்குப் பக்கத் தகரம் ஓட்டையாகிவிட்டது. கதிரை பத்துக் குறைகிறது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்ட ஒரு கரும்பலகை இருந்தால் நல்லது. வந்தவர்களில் ஒருவர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார். அந்த நேரம் தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா ஒருவர், தட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அதெல்லாம் மெல்ல மெல்ல நாங்களே செய்வம் ஐயா. உங்கட சபையில இருந்து ஆரும் வந்து எங்களோட இருப்பினமோ? ஒரு வருசமெண்டாலும்?"

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு யாரோ ஜெபித்தார்கள், வான் போய்விட்டது. பங்குனி முடியுமுன் தகரம் வந்தது, நல்ல தடித்த தகரம். அதற்கு நன்றி சொல்லி நாங்கள் கடிதமும் போட்டோம். அக்காவின் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அது என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். தெற்கிலும் மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற சபைகள் படிக்கவேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு வன்னிக்காக ஜெபிக்கிற எங்கள் ஆட்களும் படிக்கவேண்டும்.

நான் பிறந்தது சைவக் குடும்பத்தில். ஊர், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்பக்கம். 2009இல், போரின் கடைசி மாதங்களில், எல்லாரையும்போல நாங்களும் ஓடி ஓடி, அப்பாவை மாத்தளன் கடற்கரை மணலில் விட்டுவிட்டு, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அந்த நாட்களில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் முகாம்களுக்குள் இருந்தோம். ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் மூன்று குடும்பம்.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு ஐயா இருந்தார், எழுபது வயது தாண்டியவர். 1977 கலவரத்தில் கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். இளம் வயதில் அங்கே ஒரு பாப்டிஸ்ட் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றிருந்தார். அதன் பிறகு முப்பது வருசமாக ஒரு பாப்டிஸ்ட் போதகரைக் காண அவருக்குக் கிடைக்கவில்லை. மெதடிஸ்ட் ஆராதனை இருந்தால் அங்கே போவார், கத்தோலிக்கக் கோயிலில் திருநாள் என்றால் அங்கேயும் போவார். ஒரு வேதாகமம் மட்டும் எந்த இடப்பெயர்விலும் அவரைவிட்டுப் போகவில்லை. யூரியாப் பையில் சுற்றி வைத்திருப்பார். அப்படி வைத்தும் கடல்நீரேரி கடக்கும்போது உப்புத்தண்ணீர் ஊறி, காய்ந்து, தாளெல்லாம் அப்பளம்போல நெளிந்திருந்தது.

பின்னேரம் தண்ணீர் வரிசை ஓய்ந்ததும் இரண்டு கூடாரங்களுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் இருந்து வாசிப்பார். வந்து கேள் என்று அவர் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. உள்ளே வெக்கை தாங்காமல் வெளியே வந்து இருந்தபோது என் காதில் விழுந்ததுதான் நான் கேட்ட முதல் வேதவசனம். பிறகு நானாகவே போய் இருக்கத் தொடங்கினேன். அப்புறம் இன்னும் நாலு பேர். ஒருவரும் அதைச் சபை என்று சொல்லவில்லை.

அந்த ஆவணியில் ஒரு நாள் மழை கொட்டியது. களிமண் நிலம், தண்ணீர் வடிய வழியில்லை. முளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஆளுக்கொரு கயிற்றை இழுத்துப் பிடித்தபடி முழங்கால் சேற்றில் நின்று, எங்கள் கூடாரத்தையும் பக்கத்துக் கூடாரத்தையும் விழவிடாமல் பார்த்துக்கொண்டோம். அடுத்த நாள் பின்னேரம் ஐயா வாசித்தது ஏசாயா 54ஆம் அதிகாரம். "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு… உன் கயிறுகளை நீளமாக்கி, உன் முளைகளை உறுதிப்படுத்து." கையில் கயிறு அறுத்த காயத்தோடு அதைக் கேட்டவன் நான்.

அந்த வசனத்துக்கும் பாப்டிஸ்ட் மிஷனுக்கும் உள்ள தொடர்பு பிறகுதான் தெரிந்தது. 1792 மே மாதம் இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற ஊரில், செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு முப்பது வயதுப் போதகர் அதே வசனத்தை வைத்துப் பிரசங்கித்தார். வில்லியம் கேரி. அந்த ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, கெட்டரிங் ஊரில் ஒரு விதவைத் தாயின் வீட்டு அறையில் கொஞ்சப் பேர் கூடி பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று எழுதிக் கொடுத்த தொகை 13 பவுண் 2 ஷில்லிங் 6 பென்ஸ். பெரிய பட்டணத்துப் பெரிய சபைகளின் வேலையில்லை அது. நாட்டுப்புறத்துச் சின்னச் சபைகள், வருமானம் குறைந்த போதகர்கள்.

கேரி 1793இல் வங்காளத்துக்குப் போனார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனைப்போல நான் இறங்குகிறேன், நீங்கள் மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருக்கும் அவரை அனுப்பிய ஆண்ட்ரூ புல்லர் முதலானவர்களுக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம். ஏழு வருசம் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1800 மார்கழி 28ஆம் திகதிதான் கிருஷ்ண பால் என்ற தச்சர், ஆற்றில் இறங்கி முழுக்கெடுத்தார். 1834இல் செராம்பூரில் இறக்கும்வரை கேரி ஒரு தடவைகூடத் தன் ஊருக்குத் திரும்பவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. கேரியின் மனைவி டொரத்தி அந்தப் பயணத்தின் சுமையைத் தாங்கவில்லை. வந்த கொஞ்சக் காலத்திலேயே ஐந்து வயது மகன் இறந்தான். தாய்க்கு மனம் பேதலித்துப்போனது, 1807இல் இறக்கும்வரை தெளியவில்லை. மிஷன் கூட்டங்களில் இதைப் பேசுவது குறைவு. ஆட்களை அனுப்புங்கள் என்று நான் கேட்கப்போகிறேன், ஆகவே இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருவரை அனுப்பும்போது அவர் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் உட்கார்ந்து கதையுங்கள். அவர்களுக்குச் சம்மதமில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

2010இல் எங்களை ஊருக்கு விட்டார்கள். வீடு இருந்த இடத்தில் கிணறும் ஒரு பக்கச் சுவரும்தான் மிச்சம். தறப்பாளைக் கழற்றிக் கொண்டுவந்து அதே தறப்பாளை மறுபடி கட்டினோம். ஐயாவும் பக்கத்து ஊர்தான். ஞாயிறு தோறும் பாலை மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம்.

அந்த ஒன்றிரண்டு வருசம் வன்னிக்குள் வராத உதவி அமைப்பே இல்லை எனலாம். சபைகளும் வந்தன. பால்மா, சீனி, பருப்பு, நுளம்புவலை, மண்வெட்டி. பசித்திருந்த காலத்தில் கொண்டுவந்து தந்தவர்களை நான் மறக்கமாட்டேன். ஆனால் சில இடங்களில் பொதி கொடுப்பதற்கு முன்னால் ஒரு கூட்டம் நடக்கும். கூட்டம் முடிவில், ஏற்றுக்கொண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார்கள். எங்கள் ஊரில் ஒரே நாளில் மூன்று கூட்டத்துக்குப் போய் மூன்று தடவை கை உயர்த்திய ஆச்சி ஒருவர் இருந்தார். வீட்டில் தாயில்லாத நாலு பேரப்பிள்ளைகள். அவர் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தக் கைகளை எண்ணி, படம் பிடித்து, இத்தனை ஆத்துமா என்று அறிக்கை எழுதியவர்கள் மீதுதான் என் வருத்தம். இன்றைக்கும் ஒரு புது வீட்டுக்குப் போய் இயேசுவைப் பற்றி வாய் திறந்தால், "இப்ப என்ன குடுக்கிறியள்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எங்கள் ஆட்களின் வாயில் வைத்தது நாங்கள்தான்.

ஓங்கோல் கதையை எல்லாப் போதகர்களும் படிக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஓங்கோல் ஆந்திராவில், தெலுங்கு நாட்டில் உள்ள ஊர். அங்கே அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் இருந்த காலத்தில் 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம். கிளஃபுக்கு நில அளவைத் தொழில் தெரியும். பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தை அவர் ஒப்பந்தமாக எடுத்தார். ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே மண் வெட்டிக் கூலி வாங்கி உயிர் தப்பினார்கள். பெரும்பாலும் மாதிகா மக்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். மிஷனின் உபதேசிமாரே வேலையை மேற்பார்த்தார்கள். இளைப்பாறும் நேரத்தில் பேசினார்கள், பாடினார்கள்.

எத்தனையோ பேர் ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளஃப் கொடுக்கவில்லை. நிவாரணம் ஓடுகிற காலம் முழுக்க, ஒரு வருசத்துக்கு மேல், ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சோற்றுக்காக யாரும் தண்ணீரில் இறங்கிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. நிவாரணம் நின்றது, கையில் கொடுக்க ஒன்றுமில்லை என்றும் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகும் மக்கள் வந்து நின்றார்கள். 1878 யூலை 3ஆம் திகதி, ஒரே நாளில், 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் முழுக்கெடுத்தார்கள். இந்த எண்ணைச் சொல்லாத மிஷன் பிரசங்கம் இல்லை. எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முன்னால் அவர் காத்திருந்த காலம். கொடுப்பதைக் கொடுத்துக்கொண்டே, பதிலுக்கு ஒரு தலையைக்கூட எண்ணாமல் இருந்தாரே, அது. வன்னிக்கு வர விரும்பும் சபை எதுவானாலும் முதலில் அதைப் பழகிக்கொண்டு வரட்டும்.

எங்கள் ஐயாவுக்குக் கிளஃபைத் தெரியாது, ஆனால் அதே புத்திதான். ஞானஸ்நானம் வேண்டும் என்று நான் கேட்டபோது, "வீடு கட்டி முடியட்டும், வேலை கிடைக்கட்டும், ஒருத்தரிட்டையும் கை நீட்டாத நிலை வரட்டும். அப்பவும் வேணுமெண்டா வா" என்றார். அதோடு, "அம்மாட்டச் சொன்னியோ?" என்று கேட்டார். நான் சொல்லியிருக்கவில்லை.

அம்மா வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போகாமல் விட்ட வருசம், ஊருக்குப் போக வழியில்லாத வருசங்கள் மட்டும்தான். அவரிடம் சொன்ன இரவு அவர் சாப்பிடவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டார், "என்னையும் வரச் சொல்லுவியோ?" இல்லை என்றேன். "அப்பாவுக்கு விளக்கு வைக்க விடுவியோ?" வையுங்கள் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2011 சிறுபோகத்துக்குக் குளத்துத் துருசு, அதாவது மதகு, திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிய நேரம். முதலைப் பயத்தால் குளத்தைத் தவிர்த்து, வாய்க்கால் அகன்று வளையும் இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். தெற்கிலிருந்து வரவழைத்த போதகர் ஒருவரும் ஐயாவும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். விடிகாலைத் தண்ணீர், நல்ல குளிர். முழுகி எழும்பிக் கண்ணைத் துடைத்தபோது, வாய்க்கால் கட்டில் பூவரசு நின்ற பக்கம் அம்மாவைக் கண்டேன். நெற்றியில் விபூதி. கையில் காய்ந்த துவாயும் சாரமும். வருவதாக அவர் சொல்லவில்லை. நான் கரையேறியதும் துவாயை என் தலையில் போட்டு, சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவதுபோல அழுத்தித் துவட்டிவிட்டு, "காய்ச்சல் பிடிக்கும், கெதியா மாத்து" என்றார்.

அம்மா இன்றும் சைவம்தான். நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறோம். இதைக் கேட்டு, இன்னும் அம்மாவை ஆதாயப்படுத்தவில்லையா என்று என்னைக் கடிந்துகொண்ட விசுவாசிகள் உண்டு. அம்மாவுக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன். நான் விசுவாசிப்பது என்ன, ஏன் என்று அவர் கேட்டபோதெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேலே தள்ளுவது பாப்டிஸ்ட் வழியே இல்லை.

1612இல் தாமஸ் ஹெல்விஸ் என்பவர் லண்டன் மதிலுக்கு வெளியே, ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு சின்னச் சபையைக் கூட்டினார். இங்கிலாந்து மண்ணில் முதல் பாப்டிஸ்ட் சபை அதுதான். மனுசனுடைய மதம் அவனுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது, அதில் அரசனுக்கு வேலையில்லை, கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இது பொருந்தும் என்று அவர் அரசனுக்கே எழுதினார். சிறையில் போட்டார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல், தானாக விசுவாசித்துக் கேட்கிறவருக்கு மட்டும் கொடுக்கிற எங்கள் வழக்கத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. விருப்பமில்லாத முழுக்கு வெறும் குளிப்பு. கட்டாய மதமாற்றம் என்ற குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் நாங்கள் சட்டம் பேசப் போகுமுன் இந்தக் கதையைச் சொல்லவேண்டும். சொல்வதற்கு முன் அதன்படி நடக்கவும் வேண்டும்.

இலங்கைக்குப் பாப்டிஸ்ட் மிஷன் வந்தது 1812இல். ஜேம்ஸ் சேட்டர் கொழும்பில் இறங்கி, சிங்களம் படித்து, மூன்றே வருசத்தில் சிங்கள இலக்கண நூல் ஒன்றையும் வெளியிட்டார். 1830இல் வந்த எபெனேசர் டேனியல் 1844இல் இறக்கும்வரை கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கித்தார். ஆனால் வேலை பெரும்பாலும் தெற்கிலும் மலைநாட்டிலும்தான் வேர்விட்டது. வடக்கில் 1814இல் வெஸ்லியன் (மெதடிஸ்ட்) மிஷனும் 1816இல் அமெரிக்க மிஷனும் வந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டில் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையுமாகப் பரவின. வன்னி காடும் குளமும் காய்ச்சலுமாகக் கிடந்தது. கடந்து போனவர்கள் அதிகம், தங்கியவர்கள் குறைவு.

தங்கியவர்களை மறப்பதும் சரியில்லை. மடுவும் மன்னாரும் எங்களுக்கு முன்னமே ஜெபித்த மண். கோவாவிலிருந்து 1687இல் ஒல்லாந்தர் தடைக்கு மத்தியில் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகள், 1711இல் கண்டியில் இறக்கும்வரை திரும்பிப் போகவில்லை. 2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கு வந்தார். நான் பாப்டிஸ்ட், பலதில் எங்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆனாலும் வந்து தங்கி, அங்கேயே சாகிற ஊழியத்தை அந்த மனுசரிடம் படிக்க எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. புதிய சபை நாட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஏற்கனவே இருக்கிற கத்தோலிக்க, மெதடிஸ்ட், தென்னிந்திய திருச்சபை ஆட்களை இழுப்பதை நான் சபை நாட்டுதலாக எண்ணுவதில்லை.

எங்கள் சபையில் இப்போது முப்பத்தைந்து பேர் அளவில். ஐயா 2014இல் காலமானார். இப்போதைய போதகர் வாரத்தில் ஐந்து நாள் மோட்டார்சைக்கிள் திருத்துகிறவர். பவுல் கூடாரம் தைத்த மாதிரி, கேரி அவுரி வேலை பார்த்த மாதிரி. அவர் கையில் எண்ணெய் மணத்தோடுதான் திருவிருந்து அப்பத்தைப் பிட்டுத் தருவார்.

இரண்டு வருசமாகச் செவ்வாய்க்கிழமைகளில் நானும் அவரும் இன்னொரு தம்பியும் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறோம். பிரதான வீதியிலிருந்து கிரவல் ரோட்டால் ஏழு கிலோமீற்றர். பின்னேரம் யானை இறங்கும் பாதை, ஆகவே ஐந்தரைக்கு முன் திரும்பிவிடவேண்டும். ஓர் அக்காவின் வீடு. பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஒன்பது. தொடங்கிய புதிதில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும், பெண்கள் நாலு பேர் எழும்பிப் போய்விடுவார்கள். நுண்கடன்காரர் கட்டுக்காசு வாங்க வருகிற நாள் செவ்வாய் என்று ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது. நேரத்தை மாற்றினோம். பிறகு பெண்களே கிழமைக்கு நூறு ரூபாய் ஒரு தகர டப்பாவில் போட்டுச் சேமிக்கத் தொடங்கினார்கள். கணக்குக் கொப்பி எல்லாரும் பார்க்கும் இடத்தில் தொங்கும். ஜெபத்துக்கு வராத பெண்களும் அதில் இருக்கிறார்கள், அப்படித்தான் இருக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம்.

ஒரு தடவை வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். அவர் கண்ணை மூடி உருக்கமாக, "இந்த விதவைகளின் கண்ணீரைத் துடையும்" என்று ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது வீட்டுக்கார அக்கா அங்கே இல்லை. கிணற்றடியில் நின்றார். கணவரை 2009 வைகாசியில் இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னும் தேடுகிறவர் அவர். 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்னால் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்துக்கு இன்னமும் படத்தோடு போய் இருக்கிறவர். "நான் விதவையில்லைத் தம்பி," என்றார் என்னிடம். "கடவுளிட்ட அப்பிடிச் சொல்ல வேண்டாமெண்டு அவரிட்டச் சொல்லு."

பிரசங்கியார் கெட்ட மனுசர் இல்லை. அழுது மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த வீட்டில் எந்தச் சொல் சொல்லலாம், எந்தச் சொல் சொல்லக்கூடாது என்பது வானில் வந்து பின்னேரம் திரும்புகிறவருக்குத் தெரிய வழியில்லை. எந்தக் கிணறு உப்பு, எந்த வீட்டில் மகன் போதைக்குப் போகிறான், யாருடைய காணி இன்னும் விடுபடவில்லை என்பதெல்லாம் இருந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் சபையின் அக்கா ஆள் கேட்டது இதற்காகத்தான்.

ஆகவே பழைய சபைகளிடம் நான் கேட்பது இது. உங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருப்பார், தாதி இருப்பார். படிப்பு முடித்து வேலை தேடுகிற பிள்ளை இருப்பார். ஒருவரைத் தெரிந்தெடுங்கள். அந்தியோகியா சபை உபவாசித்து, தங்களிடம் இருந்த மிகச் சிறந்த இருவரை, பர்னபாவையும் பவுலையும், கைவைத்து அனுப்பியது. மிச்சம் மீதியை அனுப்பவில்லை. அந்தியோகியா சபையை முதலில் நாட்டியதும் "சிதறப்பட்டவர்கள்" என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிற இடம்பெயர்ந்த சனங்கள்தான். எங்கள் ஐயாவைப்போல.

வருகிறவர் தலைவராக வரவேண்டாம். தலைவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களுக்குத் துணையாக இருந்து, வேதாகமத்தை ஒழுங்காகப் படிப்பித்து, பிறகு விலகத் தெரிந்தவராக வரட்டும். முதல் கிழமையே கிராம சேவையாளரைப் போய்ச் சந்திக்கட்டும். 2008 ஒக்டோபரில் வந்த அரச சுற்றறிக்கை ஒன்று புதிய வழிபாட்டிடம் கட்ட முன்அனுமதி கேட்டது, வீட்டு ஜெபத்துக்கும் அதைக் காட்டிக் கேள்வி கேட்பதுண்டு. ஒளித்துச் செய்தால் சந்தேகம்தான் வளரும். ஒலிபெருக்கி வேண்டாம். அயலில் உள்ள கோயில் திருவிழா நாளில் எங்கள் கூட்டத்தைத் தள்ளிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சாதியையும் ஊரையும் வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வன்னியில் யாழ்ப்பாணத்தார், வன்னியார், மலையகத்தார் என்ற பேச்சு சபைக்குள்ளும் வருகிறது. "அவை தோட்டக்காட்டார்" என்ற சொல்லை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் காதாலேயே கேட்டிருக்கிறேன். எனக்கு வேதத்தை முதலில் வாசித்துக் காட்டியவர் அந்தச் சொல்லால் வாழ்நாள் முழுக்கக் காயப்பட்டவர். ஓங்கோலில் மேல்சாதியார், மாதிகா மக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றபோது கிளஃப் மாதிகா மக்களைத் திருப்பி அனுப்பவில்லை. இங்கேயும் அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எங்கள் சபையே வயதுபோய்த் தளர்ந்து கிடக்கிறது, எழுப்புதல் வந்த பிறகு மிஷனைப் பார்ப்போம் என்று ஒரு போதகர் என்னிடம் சொன்னார். அவர் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எங்கள் ஞாயிறு ஆராதனைக்கே உயிர் வந்தது. அந்த ஒன்பது பிள்ளைகளின் பேரைச் சொல்லி எங்கள் பிள்ளைகள் ஜெபிக்கிறார்கள். ஜெபம் முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடுகிற ஆட்கள், இந்தக் கிழமை அங்கே என்ன நடந்தது என்று கேட்க நிற்கிறார்கள். காணிக்கைப் பைக்குள் போடமுடியாது என்று ஒருவர் பூசணிக்காயை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போகிறார், அங்கே கொண்டுபோகச் சொல்லி. கயிற்றைப் பிடித்தவர்களுக்குக் கையில் பலம் வந்திருக்கிறது.

சித்திரையில் மறுபடி துருசு திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து இரண்டு பேர் முழுக்கெடுக்க நாள் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கார அக்கா. துவாய் பிடிக்கத் தானும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

தேத்தண்ணித் தட்டோடு கேள்வி கேட்ட அக்கா, போன கிழமை தன் வீட்டுப் பின்னறையில் இருந்த நெல்மூட்டைகளை விறாந்தைக்கு மாற்றியிருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். ஒரு கட்டில், நாலு மூலையிலும் நுளம்புவலைக்கு ஆணி, யன்னலுக்குப் பழைய சேலையில் திரை. ஆருக்கு அக்கா என்று கேட்டேன்.

"ஆரும் வந்தா," என்றார்.